வெள்ளியங்கிரிக்கு முன் கஞ்சமலையில் ஓர் ஒத்திகை

தை மாதத்துச் சனிக்கிழமை, காலை ஐந்தரை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து பைக்கில் கிளம்பினோம். பின்னால் அப்பா. போகும் இடம் கஞ்சமலை. ஆனால் அவர் ஏற நினைத்த மலை அதுவல்ல. மாசியில் பழைய ரிக் கூட்டாளிகளோடு வேனில் வெள்ளியங்கிரி போவதாக இருந்தார். அது ஏழு மலை. அவரால் முடியுமா என்று பார்க்கத்தான் இந்தச் சின்ன மலை.

அப்பா இருபத்திரண்டு வருடம் ரிக் வண்டியில் வடநாடெல்லாம் போய்ப் போர்வெல் போட்டவர். பாறைத் தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. நான் டிகிரி முடித்தால் வெள்ளியங்கிரி ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவன் நான் மட்டும் என்பதால், "படிச்சவன் நீயே பாத்துச் சொல்லு" என்று அம்மா பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்.

விசாரித்தேன். செங்குத்தாக ஏறக்கூடாது என்றார் டாக்டர். தினமும் நடக்கவும் சொன்னார். ஒரு வீடியோ நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னது. இன்னொன்று ஏறும்போது குடிக்கவே வேண்டாம் என்றது. வேன் ஏற்பாடு செய்யும் மாமா, "எழுவது வயசு ஆளெல்லாம் ஏறுதுடா" என்றார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன். எதை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆறே முக்காலுக்கு அடிவாரம். வண்டி மீட்டர்படி முப்பத்தொன்பது கிலோமீட்டர். இரண்டு டீ முப்பது ரூபாய். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை நண்பனிடம் இரவல் வாங்கி வந்திருந்தேன். அப்பாவின் ஆள்காட்டி விரல் காய்த்துப்போனது. கருவி வெறும் கோடு காட்டியது. நடுவிரலில் எண்பத்தெட்டு. மோதிர விரலில் தொண்ணூற்றேழு.

"எதுடா நெசம்?"

"தெரியலீங்கப்பா."

"அப்பத் தொண்ணூத்தியேழையே வெச்சுக்க."

ஏழு பத்துக்கு ஏறத் தொடங்கினோம். முதல் திருப்பத்திலேயே அப்பா ஒரு விதி சொன்னார்: "மலை ஏறும்போது பேசப்படாது சாமி. எதுவுங் கேக்காத வா." பைக்கில் வழியெல்லாம் போர்வெல் கதை சொல்லிக்கொண்டே வந்த மனுஷன் அதோடு வாயை மூடிக்கொண்டார். பக்தி என்று நினைத்தேன். பேசாமல் ஏறினால் மூச்சு மிச்சமாகும் என்று நோட்டில்கூடக் குறித்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, கீழே தறிக்கூடங்களின் கூரைகளை வெகுநேரம் பார்த்தார். வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் எண்ணினேன்.

எட்டேகாலுக்கு, பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் தறி ஓட்டும் ஓர் அக்கா பூக்கூடையோடு எங்களை எட்டிப் பிடித்துவிட்டார். சனிக்கிழமை தவறாமல் மேலே பெருமாளுக்குப் பூக் கொண்டுபோகிறவர். "கோவிந்தா!" என்று மலையே அதிரக் கூப்பிட்டார். அப்பா வாய் திறக்கவில்லை.

"ஏனுங்க, கோவிந்தா போட்டா முத்தா உதுந்துரும்?"

"மலை ஏறும்போது பேசக்கூடாதுங்களாம், அக்கா" என்றேன்.

"ஆரு சொன்னா? கத்திக்கிட்டு ஏறுனாத்தானுங்க கால்வலியே தெரியாது." அப்பாவை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "எங்கூட்டுக்காரரும் இப்பிடித்தான் தம்பி. மாடிப்படியில பாதியில நின்னு, போன் பேசறாப்புல பாசாங்கு பண்ணுவாரு. ஆஸ்பத்திரியிலதான் குட்டு உடைஞ்சது."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அப்பா பாறையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது.

"அப்பா, ஏதாச்சும் பேசுங்க."

"என்ன..." ஒரு மூச்சு வாங்கினார். "பேசச் சொல்ற?"

மலையில் பாதிகூட வரவில்லை.

சாப்பிடாமல் வந்ததாலா, வேகமாக ஏறியதாலா, நெஞ்சாலா? நோட்டில் இதற்குப் பதில் இல்லை. அரைமணி நேரம் உட்கார்ந்தோம். அந்த அக்காவும் கூடவே உட்கார்ந்தார். மூச்சு தணிந்த பிறகு சொன்னேன்: "வெள்ளியங்கிரி வேண்டாங்கப்பா."

"தொண்ணூத்தியேழு காட்டுச்சில்ல?"

"எண்பத்தெட்டும் காட்டுச்சுங்களே."

"வேண்டுனவன் நானு."

"எனக்காகத்தானே வேண்டுனீங்க. நான் ஏறிட்டு வாரேன்."

"நீ ஏறுனா எம்பட வேண்டுதல் எப்பிடித் தீரும்?"

அக்காதான் குறுக்கே வந்தார்: "அங்க அடிவாரத்துலயும் கோயில் இருக்குதுங்க. நீங்க அங்க கும்பிடுங்க. தம்பி மேல கும்பிடட்டும். சாமி ஒண்ணுதானுங்களே!" கூடையிலிருந்து ஒரு முழம் பூவைக் கிள்ளி அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஏறிப்போனார். அந்தக் கணக்கு செல்லுமா என்று யாரிடம் கேட்பது?

மெதுவாக இறங்கிப் பத்து மணிக்கு அடிவாரம் சேர்ந்தோம். திங்கட்கிழமை மறுபடி டாக்டரிடம் போவது என்று மட்டும் முடிவானது. எங்கள் ஊருக்குள் நிலமெல்லாம் சமதளம். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் அவரோடு எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அப்பாவின் மூச்சு என் காதில் விழுந்ததே இல்லை.

இளம்பிள்ளையில் இட்லி சாப்பிட்டதும் அப்பா வேன் மாமாவுக்குப் போன் போட்டார். "மச்சான், எம்பட பையனுக்கும் ஒரு சீட்டுப் போட்டுரு. நானும் வாரேன், அடிவாரத்தோட." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாதியில மூச்சு வாங்குனாத் திரும்பீரோணும், கேட்டுக்க சாமி. வெக்கப்படாத. அதுல ஒரு குத்தமும் இல்ல."