ஆரணித் தறியில் ஒரு ழகரம்

செவ்வாய், காலை 7.10. சென்னையிலிருந்து இரவு வண்டியில் வந்து, வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஆரணி வண்டி ஏறினேன். கண்ணமங்கலம் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஆரணிக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் குடும்பமாகப் போவார்கள். நான் தனியாக, சண்டை போடப் போய்க்கொண்டிருந்தேன்.

என் வேலை தமிழ் எழுத்துருக்கள் வரைவது. கம்பெனி கிடையாது. சென்னையில் ஒரு அறை, ஒரு கணினி, என்னைப்போலத் தனியாக வரைகிற பதினான்கு பேரின் வாட்ஸப் குழு, அவ்வளவுதான். கடைசி எழுத்துருவுக்கு மூன்று வருடம் பிடித்தது. கருத்துக் கேட்பதற்காக அதன் மாதிரியை இணையத்தில் வைத்தேன்; வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தேன். போன வாரம் குழுவில் ஒருவர் கல்யாணப் புடவைப் படம் ஒன்றைப் போட்டார். முந்தானையில், ஜரிகையில், ‘யாழினி’. என் எழுத்துதான். ஆனால் ழகரத்தின் வாலை யாரோ சதுரமாக வெட்டித் தடிமனாக்கியிருந்தார்கள். எடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன், மாற்றியதைப் பொறுக்க முடியவில்லை. அந்தப் புடவை வாங்கிய கடையில் விசாரித்து, டிசைன் போட்டவர் பெயரை வாங்கினேன்: எஸ்தர், ஆரணி கொசப்பாளையம்.

8.40. ஆரணிப் பேருந்து நிலையத்துக்கு வெளியே, பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் முகவரி கேட்கவில்லை. “டிசைன் போடுறாங்களே, எஸ்தர் மேடமா? ஆளுங்க வந்துகினே இருப்பாங்க. ஏறுங்க, ஜல்தியா போயிடலாம்.” அறுபது ரூபாய்.

எஸ்தருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தறிச் சத்தம் விடாமல் கேட்கும் தெருவில், மாடியறையில், இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொல்லிப் படத்தைக் காட்டினேன்.

“மாத்தினது நான்தாங்க” என்றார், தயங்காமல். “மாத்தலன்னா பொண்ணு பேரே மாறிப் போயிருக்கும்.”

அலமாரியிலிருந்து ஒரு துண்டுப் பட்டுத்துணியை எடுத்து மேசையில் விரித்தார். நான் வரைந்தபடியே நெய்த முதல் மாதிரி. ழகரத்தின் மெல்லிய வால் நூலோடு நூலாக மறைந்துவிட்டிருந்தது. ஜரிகையில் பளபளவென்று ‘யாமினி’ என்று இருந்தது.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்திருந்தா என்ன பேஜாரு ஆயிருக்கும், யோசிங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “என்னைக் கேட்டிருக்கலாமே” என்றேன்.

அவர் அந்தத் துணியை மடித்து வைத்தார். “கேட்டிருக்கணுங்க. கம்ப்யூட்டர்ல இருக்குற எழுத்துக்கு ஒரு ஆளு இருப்பாங்கன்னு நெனைக்கல. தப்புதான். நான் போடுற டிசைனையும் போட்டோ புடிச்சுகினு போயி வேற ஊர்ல நெய்யுறாங்க. அந்த வலி எனக்குத் தெரியும்.”

சண்டைக்கென்று தயாரித்து வந்த வாக்கியங்கள் எதுவும் அதற்கு மேல் பயன்படவில்லை. “மத்த எழுத்தெல்லாம் எப்படி வருது, காட்டுங்க” என்றேன்.

10.15. எஸ்தரின் திரையில் எழுத்து என்பது கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு இழை. மெல்லிய கோடு மறைந்துவிடும். தடித்த கோட்டில் ஜரிகை பிடிப்பில்லாமல் மிதந்து வளையலில் மாட்டும். நடுவே அங்கங்கே பட்டு நூல் ஒன்று அதைக் கட்டிப்போட வேண்டும். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். ணகரத்தில் முட்டிக்கொண்டோம். மூன்று சுழிக்கும் இடம் போதவில்லை, நெருக்கலாம் என்றார் அவர். நெருக்கினால் சுழிகள் ஒட்டிக்கொள்ளும் என்றேன் நான்.

“முந்தானைல பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு ரெண்டும் வரணுங்க. எடம் எங்க இருக்குது?”

“மகரத்துல இருக்கு. அதுல ரெண்டு கட்டம் குறைங்க.”

குறைத்தார். இடம் கிடைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இருவருக்கும் டீ சொன்னார்.

பிற்பகல் 3.00. திருத்திய எழுத்துகளைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருவில் நெசவாளர் குமரவேலின் தறிக்குப் போனோம். கணினிக் கோப்பைப் படித்து நெய்கிற தறி அது. ஒவ்வொரு இழையாக எழுத்து மேலேறி வருவதைப் பார்த்தேன். என் எழுத்தை அச்சில் பார்த்திருக்கிறேன், பெயர்ப்பலகையில் பார்த்திருக்கிறேன். அது உருவாகும்போது பக்கத்தில் நின்றது அன்றுதான். குமரவேல் நகத்தால் ஜரிகையை நிமிண்டினார். “மாட்டலைங்க” என்றார். எஸ்தர் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். சோதனைக்கு நெய்த பெயர் ‘கண்மணி’. மூன்று சுழியும் தெளிவாக இருந்தன.

அங்கேயே ஒரு தாளில் எழுதினோம்: தறிக்கான இந்த எழுத்துரு, வரைந்தவர்கள் இரண்டு பேர், இருவர் பெயரும் போகும், யார் மாற்றினாலும் மற்றவரைக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்டோம்.

5.40. வேலூர் வண்டி வரை எஸ்தர் கூடவே வந்தார்.

“இன்னும் ஜகரமும் ஷகரமும் பாக்கி இருக்குது” என்றார். “எப்ப அனுப்புவீங்க?”

“ரெண்டு வாரம்.”

“அடுத்த செவ்வாய்க்கு ஒரு பொண்ணுக்கு நெய்யணுங்க. பேரு ஷைலஜா.”

சரி என்றேன். வண்டி கிளம்பியது. சென்னையில் நான் எத்தனையோ எழுத்துகளை முடித்து வைத்திருக்கிறேன். முடிந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆரணியில் இப்போது ஒரு தறி, ஒரு புடவை, நான் பார்க்கப்போகாத ஒரு மணப்பெண், மூவரும் ஒரு ஷகரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கண்ணமங்கலம் வருவதற்குள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்தேன்.