காதணி விழா ஃப்ளெக்ஸும் இரண்டாவது தொகுதியும்

நடந்தவை:

1. அண்ணன் வேலை பார்க்கும் நாட்டில், அவனுடைய தொழிலாளர் முகாம் வாசலில் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றது. வண்டிக் கூரையில் புகைக்குண்டு வீசும் எட்டுக் குழாய்கள் கொண்ட சுழல் மேடை. அண்ணன் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, "இது நீங்க செய்யுறதா பாப்பா?" என்று கேட்டு எனக்கு அனுப்பினான்.

2. மேடையின் அடியில் திருகாணிகள் மேல் பச்சைக் கோடுகள் தெரிந்தன. இறுக்கம் சோதித்த பிறகு அந்தக் கோட்டைப் போடுவது எங்கள் பிரிவுதான். "ஆமாண்ணே, எங்களுதுதான்" என்று பதில் போட்டேன். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

3. அண்ணன் படத்தையும் என் பதிலையும் மதினிக்கு அனுப்பினான். மதினி தன் அண்ணனுக்கு அனுப்பினார். என் அண்ணன் மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் என்ற முறையில் அவர் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் அடித்தார். ஒரு ஓரம் அண்ணனும் வண்டியும், மறு ஓரம் பட்டமளிப்பு அங்கியில் நான். நடுவில் 'எங்கள் குடும்பத்தின் ஏவுகணையே!'

4. விழாவுக்கு முந்தின நாள் முகாமில் ஒருவர் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். உடலை ஊருக்கு அனுப்பச் சொல்லி ஆட்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். அதே வண்டி அவர்களைச் சுட்டது. எங்களுக்கு இது தெரியாது.

5. விழா நடந்தது. அண்ணன் போனை எடுக்கவில்லை. டூட்டியில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டு, ஃப்ளெக்ஸ் முன்னால் எல்லோரும் நின்று படம் எடுத்தோம். அந்தப் படம் எங்கள் மாவட்டத்து ஆட்களின் வாட்ஸப் குழுக்கள் வழியாக முகாமின் மேற்பார்வையாளர் கைக்கே போய்விட்டது.

6. மறுநாள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

7. அன்று பிற்பகல், அதே நாட்டுக்குப் போகவேண்டிய மேடைகளின் இரண்டாவது தொகுதிக்கான சோதனைச் சான்று என் ஒப்புதலுக்காக மடிக்கணினிக்கு வந்தது.

எனக்கு எதையும் வரிசை போட்டுத்தான் யோசிக்க வரும். இந்த வரிசையில் என் பெயர் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. அதை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் அங்கேதான் வருகிறது.

திருப்புல்லாணிக்கு மேற்கே எங்கள் ஊர். அய்யாவுக்கு மிளகாயும் கொஞ்சம் நெல்லும். நான் வெளியூரில், பாதுகாப்புத் தளவாடம் செய்யும் ஒரு தனியார் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பொறியாளர். விழாவுக்காக விடுப்பில் வந்திருந்தேன். எங்கள் வேலையில் ஒவ்வொரு ஏற்றுமதிக் கோப்பிலும் வாங்கும் நாட்டின் உறுதிமொழி ஒன்று இருக்கும். இந்தக் கோப்பில் இருந்தது 'கடலோரக் காவலுக்கு மட்டுமே பயன்படுத்துவோம்' என்பது. அதை நம்பித்தான் முதல் தொகுதிக்கு நான் உப்புநீர்த் தூவல் சோதனை வைத்தேன். கடல் காற்றில் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் முகாமோ பாலைவனத்துக்கு நடுவில். அவன் படத்தில் கடலே இல்லை என்பதைப் பதில் போடும்போது நான் பார்க்கவில்லை. பச்சைக் கோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

அண்ணனைப் பிடித்துப்போன செய்தி வந்ததும் மதினியின் அண்ணன் ஓடிப்போய் ஃப்ளெக்ஸைக் கழற்றினார். அய்யா அதைத் திருப்பிப் போட்டு வைக்கோல் படப்பை மூடினார்.

அண்ணனைப் பிடித்த ஐந்தாம் நாள் காலையில் பெரியபட்டினத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர், அங்கே ஃபிட்டர். அண்ணன் போனில் 'பாய்' என்று அடிக்கடி சொல்லும் ஆள். உட்கார்ந்திருந்த கூட்டத்தில் இருந்ததற்காக அவரை விமானம் ஏற்றிவிட்டிருந்தார்கள். வலது காதில் பஞ்சு வைத்திருந்தார். அந்தப் பக்கமிருந்து பேசினால் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"மய்யத்த ஊருக்கு அனுப்புங்கன்னுதான் தங்கச்சி உக்காந்தோம். ஒருத்தன் கையிலயும் கல்லு இல்ல. மொதல்ல வந்தது பொக. ரெண்டாவது ரப்பர் குண்டு. பீகார்க்காரர் ஒருத்தருக்குக் கண்ணு போச்சு."

பிறகு, எனக்கு ஒரு தகவல் சொல்வதைப் போல, "சும்மா சொல்லக் கூடாது, மேடை நல்லாச் சுத்துச்சு. ஒரு எடத்துலயும் சிக்கல" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. ஃபிட்டர் ஒருவர் இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிற தொனிதான் அது. நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அண்ணன் கூட்டத்தில் உட்காரவே இல்லையாம். அன்று அவனுக்கு வேறு ஷிப்ட். பிடித்தது ஃப்ளெக்ஸுக்காக. செய்கிற இடத்தில் தங்கை, பயன்படுத்துகிற இடத்தில் அண்ணன், நடுவில் ஒரு படம். யாருக்காக எடுத்தாய் என்று கேட்கிறார்களாம். காதுகுத்துக்கு என்று சொன்னால் அவர்களுக்கு எப்படிப் புரியும்?

தொழிற்சாலையில் என் மேலாளரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டார். வாங்கும் தரப்பின் அதிகாரி ஒருவர் அடுத்த வாரம் தொழிற்சாலைக்கு வருவதாகவும், அண்ணன் விஷயத்தை அவர் காதில் போடுவதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த நேரத்தில் சான்று தாமதமானால் எந்த முகத்தோடு கேட்பது என்றார். உறுதிமொழி பொய்யாகிவிட்டதே என்றேன். நாம் விற்காவிட்டால் இன்னொருவன் விற்பான், அவனுக்கு உறுதிமொழித் தாள்கூடத் தேவைப்படாது என்றார். அந்த நாடு நமக்கு எண்ணெய் தருகிறது, உன் அண்ணனுக்கே வேலை தருகிறது என்றார்.

"சிநேகிதங்கிட்ட வித்துட்டு, அவன் வீட்டுக்குள்ள என்ன பண்றான்னு எட்டிப் பாக்க முடியாதும்மா."

போனை வைத்தேன். ஒரு தாளை இரண்டாக மடித்து, கையெழுத்திடக் காரணங்களை இடப்பக்கம் எழுதினேன். சோதனையில் எட்டுக் குழாய்களும் தேறிவிட்டன, அண்ணன், மதினி, பிள்ளை, நான் போடாவிட்டால் இன்னொருவர் போடுவார். இடப்பக்கம் நிறைந்துவிட்டது. வலப்பக்கம் ஒரே வரி: இது எங்கே போகிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

மறுநாள் முற்றத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். மதினி தலை நிமிராமல் பேச ஆரம்பித்தார்.

"ஒரு கையெழுத்து. மொய் நோட்டுல பேரு எழுதுற மாதிரி எழுதிட்டுப் போயேன் பாப்பா."

"போட்டா விட்டுருவோம்னு எழுதிக் குடுத்துருக்காகளா தாயி?" என்று அய்யா என்னைக் கேட்டார்.

"இல்லய்யா. சொல்றேன்னு சொல்றாரு."

"அப்ப அது ஒண்ணுமில்ல."

மதினியின் அண்ணன் விசும்பிக்கொண்டே, எல்லாம் தன்னால்தான், தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார்.

"அடிச்சா? அதையும் ஃப்ளெக்ஸ் அடிச்சுருவீக மாப்ள" என்றார் அய்யா.

மதினி காம்பு கிள்ளுவதை நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் சொல்லு. இது ஒங்க அண்ணே இல்லாத ஊருல சுட்டுருந்தா, யாரு மேல சுட்டாகன்னு நீ கேட்டுருப்பியா?"

"கேட்டுருக்க மாட்டேன் மதினி."

"அப்ப இப்ப மட்டும் என்னத்துக்கு?"

நான் அடுத்த மிளகாயை எடுத்தேன். இரண்டு வருடமாக நான் ஒப்புதல் கொடுத்த கோப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெப்பம், அதிர்வு, உப்பு, தூசி எல்லாவற்றுக்கும் அவற்றில் கட்டம் உண்டு. எந்தக் கோப்பிலும் வாங்குபவரின் உறுதிமொழியை நான் இரண்டாம் தடவை படித்ததில்லை.

சான்றின் கடைசியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் 'இல்லை' என்று எழுதிவிடுவோம். அதில் ஏதாவது எழுதினால், தொழிற்சாலைக் குழு எழுத்தில் பதில் தரும் வரை சரக்கு கிளம்பாது. அதில் உண்மையை எழுதலாம் என்று முடிவு செய்தபோதுதான் அடுத்த சிக்கல் வந்தது. என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அண்ணன் எடுத்த படம். அவனைப் பிடித்துவைத்திருப்பதும் அதே படத்துக்காகத்தான். அதைக் கோப்பில் இணைத்தால், அவன் எனக்காக எடுத்தான் என்று நானே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

பஸ் பிடித்துப் பெரியபட்டினம் போனேன். பாய் வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணால் பார்த்ததை மட்டும், அண்ணனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். பெயர் போட்டால் அவர் அந்த நாட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து நாடுகளுக்கும் இனி விசா கேட்க முடியாமல் போகலாம் என்பதையும் சொன்னேன். அவருடைய மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாய் அவரைப் பார்த்தார். மனைவி உள்ளே போய் ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார்.

"மய்யத்து இன்னும் அங்கனதான் கெடக்கு. எழுதுறேன்" என்றார் பாய்.

ஒரு பக்கம் எழுதினார். எத்தனை குழாய்கள், வண்டி எங்கே நின்றது, எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதெல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சிக்னல் பிடித்து உட்கார்ந்தேன். எட்டுக் குழாய்களுக்கும் 'தேர்ச்சி' என்று குறித்தேன். அது உண்மை. குறிப்புகள் கட்டத்தில், முதல் தொகுதி உறுதிமொழிக்கு மாறாக ஒரு தொழிலாளர் முகாமில் நிராயுதபாணிகள் மீது பயன்படுத்தப்பட்டிருக்கிறது, பார்த்தவரின் வாக்குமூலம் இணைப்பில் உள்ளது, விளக்கம் கிடைக்கும்வரை அனுப்பக் கூடாது என்று எழுதி அனுப்பினேன். கீழே இறங்கி வந்து மதினியிடம் நானே சொன்னேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்றைய நிலை இதுதான். இரண்டாவது தொகுதி கிடங்கில் இருக்கிறது. என் குறிப்புக்குக் குழு இன்னும் பதில் தரவில்லை. என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். என் இடத்துக்கு வந்தவர் கோப்பைப் படித்துவிட்டார், என் குறிப்பை நீக்கிய புதுச் சான்றில் கையெழுத்துப் போடவில்லை. மேலாளர் அந்த அதிகாரியிடம் அண்ணனைப் பற்றிப் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. நம் தூதரகத்திலிருந்து ஒருவர் அண்ணனை ஒருமுறை பார்த்திருக்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். அவன் இன்னும் காவலில்தான் இருக்கிறான்.