பாதியில் கரண்ட் போன நாள்

சென்னையில் சாஃப்ட்வேர் வேலை போய், சின்னசேலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பியிருந்தேன். அடுத்த இன்டர்வியூவில் டெஸ்ட் எழுதிவிட்டுத்தான் கோட் எழுத வேண்டுமாம். வர வேண்டிய விடையை முதலில் டெஸ்டாக எழுதி ஓட்ட வேண்டும். கோட் இல்லாததால் தப்பு என்று சிவப்பு வரும். அது சரி என்று பச்சையாக எவ்வளவு தேவையோ அவ்வளவு கோட் மட்டும் எழுத வேண்டும். கல்யாணம் ஆவதற்கு முன்பே பிள்ளைக்குப் பேர் வைக்கிற வேலை என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் வேலை வேண்டுமே.

பழகிப் பார்க்க எங்கள் கிணற்றையே எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் நாங்கள் இறைத்தால் மறுநாள் அவர்கள். இன்று யார் முறை என்று சொல்லும் சின்ன புரோகிராம். நேற்று எங்கள் முறை என்றால் இன்று பெரியப்பா முறை: முதலில் சிவப்பு, இரண்டு வரி எழுதியதும் பச்சை. கரண்டே வராத நாள் கணக்கில் இல்லை, முறை மாறாது: அதுவும் பச்சையானது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

அடுத்த டெஸ்டுக்குப் போன கோடையை எடுத்தேன். பெரியப்பா முறையன்று பாதியில் கரண்ட் போய்விட்டது. அவருடைய நெல் பால் பிடிக்கும் சமயம். மறுநாளும் தனக்கு விடச் சொல்லிக் கேட்டார். “பாதி ஓடுனாலும் ஓடுனதுதான், முறை முடிஞ்சிபோச்சி” என்று அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டார். அந்த நெல்லில் பாதி பதராகப் போனது. அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அப்பா சொன்ன தீர்ப்பையே டெஸ்டாக எழுதினேன். பச்சை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். நேற்று எங்கள் முறை. எங்கள் கரும்பு காய்ந்துகொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. காலையில் அப்பாவிடம் கேட்டேன்.

“இன்னைக்கி யாரு முறைப்பா?”

“நம்மளுதுதான். நேத்து எங்க பாஞ்சுது? பாதி கரும்புகூட நனையல.”

அதையும் டெஸ்டாக எழுதி ஓட்டினேன். சிவப்பு. புரோகிராமை மாற்றினால் இது பச்சையாகி, போன கோடையின் டெஸ்ட் சிவந்தது. இரண்டும் பச்சையாக ஒரே வழிதான் இருந்தது. அதை எழுதினேன். எல்லாம் பச்சை.

அப்பா எட்டிப் பார்த்தார். “பச்சையாயிடுச்சா? இன்னாம்மா எழுதின?”

“கரண்டு பாதியில போனா, நம்ம முறைன்னா மறுநாளும் நமக்கே. பெரியப்பா முறைன்னா அவுருக்கு முடிஞ்சிபோச்சி.”

அப்பாவின் முகம் சுருங்கியது. “நான் அப்பிடியா சொன்னன்?”

“நீ சொன்னது ரெண்டும் ஒத்துப்போவணும்னா இப்பிடித்தான்பா எழுத முடியும்.”

அவர் வெளியே போனார். பெரியப்பாவைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் எங்கள் கரும்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருந்தார். சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கரும்பு பிழைத்துவிடும் என்று நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.