தாமரைக்குளத்துக்கு ஒரு சட்டை

போன வாரம் மச்சினன் கல்யாணத்துக்குச் சட்டை தைக்கப் போனேன். ரெடிமேட் எனக்கு ஒத்துவருவதில்லை. தோளுக்குப் பார்த்து எடுத்தால் வயிற்றுக்குப் பத்தாது. வயிற்றுக்குப் பார்த்து எடுத்தால் தோள் முழங்கை வரை இறங்கிவிடுகிறது. குற்றம் கம்பெனிக்காரர்களுடையது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். தையல்காரர் பின்னால் வந்து, இஞ்ச் டேப்பின் தகட்டு முனையைப் பிடரியில் வைத்தார். சில்லென்று பட்டதும் உடம்பு விறைத்துக்கொண்டது.

"ஏனுங்க, ஊசியா போடப் போறேன்? தளத்தி உடுங்க" என்றார்.

தளர்த்தத்தான் பார்த்தேன், முடியவில்லை. மேசை மேல் கிடந்த புதுத்துணியின் கஞ்சி வாசனை வேறு மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அந்த வாசனை வந்தால் தீபாவளி ஞாபகம் வருமாம். எனக்குக் குமரேசுதான் வருகிறான்.

குமரேசு எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். கணபதி என்கிற பகுதியில் ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே ஆறு குடும்பம் இருந்த லைன் வீடு எங்களுடையது. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். தெரு முழுக்கப் பட்டறைகள். என் அப்பாவுக்கும் தெருமுனையில் ஒரு லேத் பட்டறை இருந்தது. குமரேசுவின் அப்பா பவுண்டரி வேலைக்குப் போனார். அவன் அம்மா சரசு அத்தை. சொந்தமெல்லாம் ஒன்றுமில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தையானவர். எனக்கும் குமரேசுவுக்கும் பதினெட்டு நாள்தான் வித்தியாசம். நான் மூத்தவன்.

எங்கள் இருவருக்கும் ஐந்து வயதானபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தொண்டாமுத்தூர்ப் பக்கம் அத்தையின் அம்மா வீட்டு ஊரில் மாரியம்மன் நோம்பி. திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்றுதான் சொல்வோம். என்னையும் கூட்டிப்போனார்கள். மாவிளக்கு எடுக்க வரிசையில் நின்ற அத்தை, எங்கள் இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடிக்க வைத்து, "அம்மா வாரவரைக்கும் கைய உடப்படாது, தெரியுதா சாமி? நின்ன எடத்துலயே நிக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது நான் மட்டும் இருந்தேன்.

பத்து வருடம் யாரிடமும் சொல்லாததை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையை விட்டது நான். பஞ்சுமிட்டாய்க்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவ்வளவுதான், உதறிவிட்டு ஓடினேன். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். குமரேசு விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். நான் பிடித்திருந்த கையைக் கீழே தொங்கவிடாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். அதற்குள் மேளக்காரர்களும் பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்தவர்களும் நடுவில் வந்துவிட்டார்கள். கூட்டம் விலகியபோது அந்த இடத்தில் யாருமில்லை.

அத்தை வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, "அவனெங்கடா?" என்றார். "அவந்தான் கைய உருவிட்டு ஓடிப்போனான்" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். அங்கே ஒரு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். ஊரே அந்தப் பக்கம் ஓடியது.

கிடைக்கவில்லை. கிணறு கிணறாக இறங்கிப் பார்த்தார்கள். போலீஸ் வந்தது. குமரேசுவின் அப்பா போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தை வரைக்கும், பாலக்காடு வரைக்கும் அலைந்தார். கடைசியில் ஒருநாள் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு மறுபடி பவுண்டரிக்குப் போகத் தொடங்கினார். லைன் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்: "துடியான பையன். கைய உருவிட்டுப் போயிட்டான் பாருங்க." குமரேசு துடியானவனே கிடையாது. இட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. என் ஒரு வார்த்தையால் ஊர் வாயில் அவன் சேட்டைக்காரனாகிவிட்டான்.

அவிநாசிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதென்றாலும் சின்னக் கதைதான். எதிரெதிர் வீட்டுப் பையன்கள் இருவர் அங்கே தாமரைக்குளத்தில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. மற்றவன் வீடு திரும்பினான். சில வருடம் கழித்து அந்த வழியே ஒரு நாயனார் வந்தபோது, ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம் கேட்டது, எதிர்வீட்டில் அழுகை கேட்டது. விசாரித்துவிட்டுக் குளக்கரைக்குப் போய்ப் பாடினார். வறண்டு கிடந்த குளத்தில் தண்ணீர் வந்தது, தண்ணீரோடு முதலை வந்தது, பிள்ளையைக் கரையில் உமிழ்ந்துவிட்டுப் போயிற்று. விழுங்கிய வயதிலேயே அல்ல. இடையில் போன வருடங்களின் வளர்த்தியையும் சேர்த்துக் கொடுத்தது.

கேட்கிறவர்கள் எல்லோரும் முதலையைப் பற்றிப் பேசுவார்கள், பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். வீடு திரும்பினானே இன்னொருவன், அவனை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அவனைப் பற்றித்தான் யோசனை.

சரசு அத்தைக்கு வேறொரு யோசனை வந்தது. மூன்று நான்கு வயது கூடி வந்த பிள்ளைக்குப் பெற்றவள் என்ன உடுத்திவிட்டிருப்பாள்? "பழைய சட்டை எப்படீங்க பத்தும்? கரையில அம்மணக்கட்டையா நின்னிருக்குமே புள்ளை" என்று என் அம்மாவிடம் சொன்னார். அந்தக் கதையைப் பங்குனி உத்திரத்தன்று குளக்கரையில் வருடா வருடம் நடத்திக் காட்டுவார்கள். குமரேசு தொலைந்த மறுவருடம் உத்திரத்துக்கு முன்னால் என்னைத் தையற்கடைக்குக் கூட்டிப்போனார். குமரேசுவுக்குச் சட்டை, என் அளவில்.

அதிலிருந்து வருடா வருடம் நடந்தது. தையல்காரர் துரைசாமி முதல் வருடம் வழக்கம்போல், "வளர்ற புள்ளை, ரெண்டு இஞ்சு எச்சா உட்டுத் தெக்கட்டுங்களா?" என்று கேட்டார். "வேண்டாங்க. இந்த வருசமே வந்துருவான். அளவா இருக்கோணும்" என்றார் அத்தை. துரைசாமி அப்புறம் கேட்டதே இல்லை. என் பிடரியில் தகட்டை வைக்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

உத்திரத்தன்று காலையில் காந்திபுரம் போய் அவிநாசி பஸ் ஏறுவோம். அத்தை, அம்மா, நான். மடியில் தூக்குப்போசி நிறையத் தயிர்சோறு, மஞ்சள் பையில் சட்டை. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். பெயர்தான் தாமரைக்குளம். அந்த மாதத்தில் தாமரையும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. வெடித்த சேறும் கோரைப் புல்லும்தான். அந்தச் சேற்றிலேயே முதலை செய்து வைத்திருப்பார்கள். பூசை முடிந்து முதலை வாயிலிருந்து பிள்ளை வருகிற நேரத்தில் கூட்டம் "அரகரா" என்று கத்தும். அத்தை கத்தமாட்டார். சட்டையின் பொத்தான்களைக் கழற்றி, போட்டுவிடத் தோதாக இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அப்போது நான் என்ன வேண்டிக்கொள்வேன் தெரியுமா? "சாமி, குமரேசு வரவேண்டாம்." அவன் வந்தால் முதல் வார்த்தையாக, "கைய உட்டது இவந்தான்" என்று சொல்லிவிடுவானே! கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டுவேன். சுற்றி நிற்கும் கூட்டத்தில் என்னளவு பக்தியாக வேறு யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். வருடா வருடம் என் வேண்டுதல்தான் பலித்தது.

பிறகு ஊருக்குள் கோயிலுக்குப் போவோம். அவிநாசி என்றால் அழிவில்லாதது என்று அர்ச்சகர் யாருக்கோ சொன்னதை அத்தை பிடித்துக்கொண்டார். சன்னதியில் நின்று அதைத் திருப்பித் திருப்பிச் சொல்வார். அங்கிருந்து திருமுருகன்பூண்டி. அதே நாயனார் பொன்னோடு போகும்போது, சிவன் தன் பூதங்களை வேடர்களாக அனுப்பிப் பறித்துக்கொண்ட இடம் அது. பறிபோன பொருள் எங்கே இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்ன பிள்ளையார் ஒருவரும் அந்த வட்டாரத்தில் உண்டு. கூப்பிடு பிள்ளையார் என்று பெயர். அத்தை அவர் முன்னால் காதைக் கொடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். "எடுத்தவனே திருப்பிக் குடுத்துப்போட்டானல்ல, அக்கா? எடுத்தவனுக்குத் தெரியாமயா போகும்?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். நான் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்தச் சட்டையை என்னிடம் கொடுத்துவிடுவார். "இந்த வருசம் வல்லே. நீ போட்டுக்க கண்ணு, வீணாப் போயிரும்." என் பள்ளிக்கூடக் காலத்தில் நான் போட்ட நல்ல சட்டைகள் எல்லாம் குமரேசுவினுடையவை. எனக்கு அவை பிடித்தும் இருந்தன. அதைச் சொல்ல இன்றும் நாக்கூசுகிறது. என் பிறந்தநாளில் அம்மா நெய்ப் பலகாரம் செய்ததில்லை. நெய் வாசம் சுவர் தாண்டிப் போய்விடுமே. எதிர்வீட்டு மேளச் சத்தத்தில்தானே அந்த அவிநாசித் தாய் அழுதாள்.

பத்தாவது படிக்கும்போது எனக்கு மீசை அரும்பியது. அந்த வருடம் அத்தை சட்டையோடு முழுக்கால் பேண்ட்டும் தைக்கச் சொன்னார். குரல்கூட மாறியிருக்குமே என்று என்னை ஏதாவது பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். குளக்கரையில் அன்றும் சட்டையை விரித்துக்கொண்டு நின்றார். தலை நரைத்திருந்தது. அரகரா சத்தம் அடங்கி, கூட்டம் பிரசாதத்துக்கு நகர்ந்தது. அம்மா விபூதி வாங்கப் போயிருந்தார். என்னால் அதற்கு மேல் தாங்கமுடியவில்லை.

"அத்தை, அவன் கைய உருவலீங்க. நாந்தான் உட்டேன். பஞ்சுமிட்டாய்க்குப் போனேன். பொய் சொல்லிப்போட்டேன். ராட்டினத்துப் பக்கமும் பொய்யிங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அத்தை, இப்போதே ஓடிப்போய்த் தேடப்போகிறவர் போல, "அப்ப எந்தப் பக்கம் நின்னுட்டிருந்தான்?" என்று கேட்டார்.

"உட்ட எடத்துலயேங்க. கைய நீட்டிட்டு நின்னான்."

"ஓடலையா?"

"இல்லீங்க அத்தை."

சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எம்பையன் சொன்ன பேச்சுக் கேட்டு நின்னிருக்கான்" என்றார். "நிக்கச் சொன்னேன், நின்னிருக்கான். பத்து வருசமா அவனத்தான நான் பேசிட்டிருந்தேன், ஏண்டா ஓடுனே, ஏண்டா ஓடுனேன்னு." அப்புறம் அழுதார். அம்மா வந்து, என்ன ஏது என்று தெரியாமல் அவரும் உட்கார்ந்து அழுதார்.

அன்று சட்டையை எனக்குக் கொடுக்கவில்லை. அடுத்த பங்குனியில் அளவெடுக்கக் கூப்பிடவும் இல்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, மூன்று வருடம் அத்தை என் முகம் பார்த்துப் பேசவில்லை. நான் போய் வாசலில் நிற்பேன். ஏனென்று கேட்கமாட்டார். அது நியாயம்தான்.

பிறகு வீட்டுக்காரர் லைன் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். ஐந்து குடும்பம் காலிசெய்தது. குமரேசுவின் அப்பா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அத்தை மட்டும் நகரமாட்டேன் என்றார். "அவன் வந்தா இந்த வாசலுக்குத்தான வருவான்? அவனுக்கு வேற எது தெரியும்?" தொண்டாமுத்தூரிலிருந்து அவருடைய தம்பி வந்து கெஞ்சினார். ஓடு பிரிக்கிற அன்று, பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என்னிடம் அத்தையே நடந்து வந்தார். மூன்று வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"பெயிண்ட் இருக்குதா கண்ணு? தெருச் சுவத்துல எழுதோணும்."

இடிக்காமல் விட்டிருந்த மதில் சுவரில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'குமரேசா, அம்மா தொண்டாமுத்தூரில் மாமன் வீட்டில் இருக்கிறேன். வந்துவிடு சாமி.' அவனுக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ என்று எனக்குத் தோன்றியது. அத்தையே சொன்னார்: "ஆராச்சும் படிச்சுச் சொல்லுவாங்க. கீழ உங்க பட்டறையப் போட்டு, அங்க கேக்கச் சொல்லி எழுதீரு. நான் இல்லாட்டியும் நீ இருப்பயல்ல. அன்னைக்குக் கைய உட்டது நீதான? இனிப் புடிக்கறதும் நீயா இருந்துக்க."

மன்னித்தாரா, தண்டித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து அத்தை போய்ச் சேர்ந்தார். அம்மாவும் இப்போது இல்லை. லைன் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. தெருவை அகலப்படுத்தியபோது அந்த மதிலையும் இடித்து, வண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். எழுத்திருந்த துண்டு ஏதாவது அகப்படுமா என்று அன்று மண்ணைக் கிளறிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. தெருவில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். குமரேசு என்று சொன்னால், "எந்தக் குமரேசு?" என்று கேட்கக்கூட இங்கே ஆள் கிடையாது.

பட்டறையிலும் முன்போல ஓட்டமில்லை. இதை விற்றுவிட்டு சரவணம்பட்டிப் பக்கம் பிளாட் வாங்கிக்கொண்டு போகலாம் என்று என் மனைவி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நல்ல யோசனைதான். நான் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவிடுகிறேன்.