அண்ணி வெளுத்த ஆஸ்பத்திரித் துணி

அண்ணி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த காலம் அது. ஆண்கள் வார்டில் இருந்த ஒரு வாத்தியார் எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டார். நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டதும் மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. அண்ணி பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அந்த விரிப்பின் மேலேயே கவிழ்த்தாள்.

"கை தவறிடுச்சு சிஸ்டர்."

"கண்ணு என்ன பின்னாடியா இருக்கு உனக்கு?"

அண்ணி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு விரிப்பைச் சுருட்டினாள். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. வாத்தியாரின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விரிப்பைச் சுருட்டியாயிற்று, மாற்றிப் போட வேறு இல்லை. சலவைக்குப் போன மூட்டை வெளியூரிலிருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாத்தியார் வெறும் மெத்தையில் கிடந்தார். அண்ணி நேரே மேட்ரனிடம் போனாள். "ஒரே ஒரு வார்டுத் துணிய எங்கிட்ட குடுத்துப் பாருங்கம்மா. காலையில எடுத்துட்டுப் போனா சாயங்காலம் கொண்டாந்துடறேன்."

என் அண்ணன் லாரி ஷெட்டில் மெக்கானிக். கொல்லையில் மூட்டையைப் பார்த்ததும் குதித்தான்.

"ஊரு நோயெல்லாம் வீட்டுக்குக் கொண்டாரியா?"

"உங்க கைலியில இருக்கற கிரீசுக்கு இது எவ்வளவோ தேவலங்க."

அப்படிக் குதித்தவன்தான், மறு வாரமே பழைய டிரம் ஒன்றை வெட்டித் துணி அவிக்க அடுப்பு கட்டிக் கொடுத்தான். அப்படித்தான் தொடங்கியது. ஒரு வார்டு எல்லா வார்டும் ஆயிற்று. மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து பழைய மெஷின் வந்தது. பிறகு தகரக் கூரை போட்ட பெரிய ஷெட், அதற்கு இரண்டு வாசல். அழுக்கு ஒரு வாசலில் வர வேண்டும், வெளுத்தது மறு வாசலில் போக வேண்டும். மெஷினைப் பார்த்துக்கொள்ள இங்கேயே வந்துவிட்ட அண்ணனும் டீ குடிக்கச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு என்னையும் கூப்பிட்டு மூட்டை பிரிக்கும் மேஜையில் நிறுத்தினாள். விரிப்புக்குள் ஊசி வரும், கத்தரிக்கோல் வரும். ஒருமுறை பல்செட் வந்தது. "யாரோ பாவம் சோத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க, ஓடுடி" என்று என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஆபரேஷன் தியேட்டர் திறந்து, அந்தப் பச்சைத் துணிகளையும் எங்களுக்கே கொடுத்தார்கள். அதை நம்பித்தான் அண்ணி புது மெஷின் வாங்கினாள், இன்னும் சில பெண்களை வேலைக்கு வைத்தாள்.

நல்லது நினைத்துத்தான் தவறு செய்தாள். நாளெல்லாம் மருந்து நாற்றத்தில் கிடப்பவர்களுக்கு நல்ல வாசனை வரட்டும் என்று, கடைசி அலசலில் சாஃப்ட்னர் ஊற்றினாள். துணி பஞ்சு மாதிரி ஆயிற்று. வார்டில் எல்லாரும் மெச்சினார்கள். அந்தச் சந்தோஷத்தில் தியேட்டர் துணிக்கும் ஊற்றிவிட்டாள்.

தியேட்டர் சிஸ்டரே ஷெட்டுக்கு வந்துவிட்டார். பச்சைத் துண்டு ஒன்றை மேஜையில் விரித்துப் பாட்டில் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாய் உருண்டது.

"ரத்தம் தொடைக்கிற துணிம்மா இது. தொடைச்சா உறிஞ்ச மாட்டேங்குது, தள்ளிக்கிட்டுப் போகுது. டாக்டர் தூக்கி எறிஞ்சிட்டாரு."

"துணியே மட்டமா இருக்கும் சிஸ்டர்" என்று அண்ணன் இழுத்தான்.

"துணி மேல பழியப் போடாதீங்க. ஊத்தினது நான்" என்றாள் அண்ணி.

கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பச்சைத் துணி வெளியூர்ச் சலவைக்கே போய்விட்டது. புது மெஷின் சும்மா நின்றது. புதிதாக வந்த பெண்கள், நம்மை எப்போது நிற்கச் சொல்வார்களோ என்று அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் அவள் நிறுத்தவில்லை.

தூக்கி எறிந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தாள். சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தாள், அலசினாள், காயவைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். துளி நின்றால் மறுபடி டிரம்முக்குள். ஊற்றியதும் உறிஞ்சுகிறவரை விடவில்லை. அதை எடுத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் போய் நிற்பாள். "பாக்கலாம்மா" என்பார் சிஸ்டர். திரும்பி வந்து அடுத்ததை அவிப்பாள். நான் அவளுக்காக ஜெபம் செய்தேன். வேறென்ன செய்ய?

இதற்குள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆவியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தன் ஊருக்குக் கூப்பிட்டாள்.

புறப்படும் நாளில் அண்ணி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போது ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "சிஸ்டர் குடுத்தாங்க, தியேட்டர் மூட்டை. இனிமே இங்கயே போடச் சொன்னாங்க" என்றார். அண்ணி இறங்கப் பார்த்தாள். அண்ணன் விடவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஆண்டவன் அவளை அழைத்துக்கொள்வான் என்று அப்போது யாருக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அழுகை நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கையை உருவிக்கொண்டாள். "அழறதுக்கு இதுவாடி நேரம்? போய் மூட்டையப் பிரி. கையுறை போட்டுக்கிட்டுப் பிரி, உள்ள கத்தி கெடக்கும்."