சாயம் இறங்கிய அரக்குப் புடவை

எங்கள் கடையில் புடவை விற்க ஆறு பேர் இருந்தார்கள். விற்ற புடவை திரும்பி வந்தால் வாங்கிப் பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

எழுபத்தெட்டில் நான் அந்த ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நெடுங்காடு பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் காரைக்காலுக்கு வருவேன். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கடையில் அதுவரை ஆண்கள்தான் விற்பனைக்கு நின்றார்கள். புடவையை மாற்ற வரும் பெண்களோடு அவர்கள் தினமும் சண்டை போட்டதால், முதலாளி ஒரு பெண்ணைத் தேடினார். ஹாலின் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே, எனக்கு ஒரு மேஜையும் அலமாரியும் போட்டுக் கொடுத்தார். தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. பணம் திருப்பித் தரப்படமாட்டாது, ஏழு நாளுக்குள் பில்லோடு வந்தால் வேறு துணி மாற்றித் தரப்படும் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். புடவையை வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். கட்டிவிட்டுக் கொண்டுவந்த புடவையில் எவ்வளவு மடித்து வைத்தாலும் வியர்வையோ, சாம்பிராணியோ, அடுப்படிப் புகையோ இருக்கும். அப்புறம் வாசல் வெளிச்சத்தில் கொசுவம் வரும் இடத்தை விரித்துப் பார்ப்பேன். கடையில் மடித்த மடிப்பு ஒரு மாதிரி இருக்கும், வீட்டில் மடித்தது வேறு மாதிரி இருக்கும். பொய் சொன்னவர்களை நான் சத்தம் போட்டதில்லை. "இது ஒருநாள் கட்டியிருக்கீங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னால், பெரும்பாலானவர்கள் புடவையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் சிரித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் வந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், காரைக்கால் டவுனிலேயே வீடு. முதலாளி அவளை நேராகப் புடவைப் பிரிவில் நிறுத்தினார்.

அவள் அழகி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு புடவையை எடுத்து உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டால், எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது தன்மேல் இருப்பதுபோலத் தோன்றிவிடும். வயதான அம்மாக்கள் அவள் தாடையைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் போவார்கள். விற்பனைக்காரர்கள், எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து தராதவர்கள், அவளுக்காக மேல்தட்டிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அந்தப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தார்கள். அந்தப் பொண்ணு நானில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்ப்பேன்.

அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த வறுவலில் பாதியை என் தட்டில் வைப்பாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

இதையெல்லாம்விட என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது வேறொன்று. அவள் விற்ற புடவை என் மேஜைக்கு வருவதே இல்லை. மற்ற ஐந்து பேர் விற்றதில் வாரம் நாலைந்தாவது திரும்பி வரும். அவளுடையது மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. நான் காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும். எப்போதாவது ஒன்று வந்துவிட்டால் வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "இத யாரு எடுத்துக் குடுத்தாங்க?" என்று கேட்பேன். முதலாளிக்குக் கேட்க வேண்டும். ஆனால் வந்தவள், "அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் தப்பில்லம்மா, எங்க நாத்தனாருக்குத்தான் கலர் பிடிக்கல" என்று அவளுக்கே பரிந்து பேசிவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அப்புறம் அரக்கு நிறத்தில் ஆர்ட் சில்க் புடவை ஒரு கட்டு வந்தது. மஞ்சள் கரை, பட்டு மாதிரியே மினுமினுப்பு. ஒரு புதன்கிழமை காலையில், திருநள்ளாற்றிலிருந்து ஒரு டீச்சர் அதில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். தண்ணீரில் நனைத்ததும் அரக்கு முழுக்க இறங்கி மஞ்சள் கரையெல்லாம் சிவந்துவிட்டிருந்தது. சாயங்காலம் இன்னொருத்தி அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டுமே வேறு ஆள் விற்றவை.

ஒரே கட்டில் இரண்டு திரும்பி வந்தால் உடனே புடவைப் பிரிவில் சொல்லி அந்தக் கட்டை ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டும். முதலாளி எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது. நான் இரண்டு புடவைக்கும் மாற்றுக் கொடுத்தேன், வழக்கம்போல் தேதியும் கிழமையும் போட்டுச் சீட்டுக் குத்தினேன், அலமாரியில் அடித்தட்டில் வைத்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கட்டிலிருந்து மறுநாள் முழுக்க எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். அதைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை பட்டினச்சேரியிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மீன்காரக் குடும்பம். மகளுக்குப் பரிசம் போடுவதற்குப் புடவை எடுக்க வந்திருந்தார்கள். நிறைய எடுத்துப் போட்ட பிறகு அவள் அந்த அரக்கை உதறி மகளின் தோளில் போட்டாள்.

"சாயம் கீயம் போவுமா?" என்று அம்மா கேட்டார்.

"போவாதுங்க. எங்க கடையில அப்படி வர்றதில்ல" என்று அவள் சொன்னாள்.

அவள் அறிந்தவரை அது உண்மை. என் மேஜையிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும், அவள் காதில் சொல்லியிருக்கலாம். நான் தண்ணீர் குடித்தேன். கொஞ்சம் நிதானமாகவே குடித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். வெளியே மழை. ஒயர் கூடையிலிருந்து புடவையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நான் முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"ஏழு நாள் கழிஞ்சிடுச்சுன்னு சொல்லுவ. எனக்கு மாத்துப் பொடவையும் வேணாம், பணமும் வேணாம்" என்றார். "சாயம் போவாதுன்னு சொன்னுச்சே, அந்தப் பொண்ண வரச்சொல்லு."

சத்தம் கேட்டு முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அவளும் வந்தாள். அந்த அம்மா அவளைப் பார்த்துத்தான் பேசினார். "பரிசத்தன்னிக்குக் கோயில்லேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள மழை புடிச்சிக்கிச்சு. மாப்ள வீட்டுக்காரங்க அத்தன பேரும் நிக்கிறாங்க. எம் பொண்ணு பாவாடையெல்லாம் செவப்பு. காலு வழியா செவப்பா ஒழுவுது. பாத்தவங்க என்ன நெனப்பாங்க, சொல்லு."

அவள் விரலை ஈரமாக்கிப் புடவையில் தேய்த்துப் பார்த்தாள். விரல் சிவந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லலாமா, வாய் இனித்தால் போதுமா என்றெல்லாம் கேட்டார். பிறகு முதலாளி, பலகையில் எழுதியிருந்ததையும் மீறி, கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினார். அந்த அம்மா அதைத் தொடவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

அன்று பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயலெல்லாம் தண்ணீர் நின்றது. அவள் திட்டு வாங்கியதை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் அந்தக் கட்டில் மிச்சமிருப்பது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கச் சொல்லி முதலாளி அவளிடமே சொன்னார். அவள் என் அலமாரிக்கு வந்தாள். தடுக்கக் காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அடித்தட்டைத் திறந்து இரண்டு புடவையையும் எடுத்தாள், சீட்டைப் படித்தாள்.

"அக்கா, இது புதன்கிழமையே வந்திருக்கு. நான் வித்தது அதுக்கு மூணு நாள் கழிச்சு, சனிக்கிழமை."

"மறந்துட்டேன்" என்றேன்.

"நீங்க எதயும் மறக்க மாட்டீங்க."

அந்தக் கடையில் என் வேலையைப் பற்றி ஒருவர் நல்லபடியாகச் சொன்னது அதுதான். அவள் சீட்டை மறுபடி புடவையிலேயே குத்தி வைத்தாள். "முதலாளிகிட்ட சொல்லப் போறதில்ல. அந்தம்மாகிட்ட பணத்தக் குடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு. நீங்களும் வாங்க. நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க."

வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் சரி என்றேன், மனசு வந்து இல்லை.

கடை லீவு நாளில் இரண்டு பேரும் பஸ் ஏறி திருமலைராயன்பட்டினத்தில் இறங்கிப் பட்டினச்சேரிக்கு நடந்தோம். வழியில் அவள் என்னோடு பேசவில்லை. மழை விட்டிருந்தது. வலைகளை வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்கள். மகள்தான் எங்களைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் காய்ந்த சென்னாக்குனி இறாலைப் புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. பாயைக் கண்ணால் காட்டினார்.

அவள் பணம் வைத்த உறையைப் பாயில் வைத்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டு சாயம் போவுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா" என்றேன். "நீங்க எடுக்கும்போது நான் அங்கதான் இருந்தேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியாது. நான் சொல்லல."

முறம் நின்றது. "ஏன் சொல்லல?"

நான் முறத்தையே பார்த்தேன்.

"அவங்களுக்கு என்மேல பொறாமைங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. புடவையின் நிறத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்கு இது தெரியும் என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. எத்தனை நாளாகத் தெரியும், தெரிந்துகொண்டேதான் வறுவலைப் பகிர்ந்தாளா என்று யோசித்தேன்.

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணம் ஒண்ணும் நின்னுடல. தை மாசம் வச்சிருக்கு. மாப்ள வீட்டுக்காரங்க சிரிச்சாங்க, அதான் எனக்குத் தாங்கல" என்றார். அப்புறம் என்னிடம் மட்டும் கேட்டார்: "உனக்கும் அதுக்கும் ஆவல, சரி. நடுவுல எம் பொண்ணு உனக்கு என்ன செஞ்சிது?"

"தப்புதாம்மா" என்றேன். வேறொன்றும் சொல்ல இருக்கவில்லை.

"விடும்மா" என்று மகள் சொல்லிவிட்டு, என்னோடு வந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முகூர்த்தத்துக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்டாள். மயில் கழுத்து நிறம் எடுப்பாக இருக்கும் என்றாள் அவள். மாம்பழ நிறம் எப்படி என்று மகள் கேட்டாள். அந்த அம்மாவும் உறையை மடியில் செருகிக்கொண்டு முறத்தோடு நகர்ந்து உட்கார்ந்தார். மூன்று தலையும் ஒன்றுசேர்ந்துவிட்டன. பொய் சொல்லி விற்றவள் என்று அவளைத் தேடி வந்தவர்கள் அவர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்த எனக்கு, வெட்கத்தைவிட அதிகமாக, மறுபடியும் பொறாமைதான் வந்தது.

தை மாதம் அந்தக் குடும்பமே வந்து அவளிடம் ஜவுளி எடுத்தது. முகூர்த்தப் பட்டு மாடியில் இருந்ததால், என் மேஜையைத் தாண்டித்தான் போனார்கள். அவள் அதற்கப்புறம் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. வேலை இருந்தால் "இங்க பாருங்க" என்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

ஒன்றரை வருஷத்தில் அவள் கல்யாணமாகிப் பாண்டிச்சேரி போய்விட்டாள். முதலாளி என்னைப் புடவைப் பிரிவில் நிறுத்திப் பார்த்தார். நானும் அதற்குத்தான் அத்தனை நாள் ஏங்கினேன். ஆனால் ஒரு புடவையை விரித்தால் என் கண் முதலில் அதன் குறையைத்தான் தேடியது. வாங்க வந்தவர்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும், வேறு ஆளிடம் போய்விடுவார்கள். நாலு மாதத்தில் நானே கேட்டு மாடிப்படிக்குக் கீழே திரும்பிவிட்டேன்.

எண்பத்தாறில் வேலையை விடும்வரை, ஒரு கட்டில் ஒன்றே ஒன்று திரும்பி வந்தாலும் எழுந்து போய் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். "இந்தம்மாவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று புதிதாக வந்த பெண்கள் சலித்துக்கொண்டார்கள். சலித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வருஷத்தில் பாண்டிச்சேரிக்குப் போய்வந்த விற்பனைக்காரர் ஒருவர் அவளைப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டு பிள்ளைகளாம், நன்றாக இருக்கிறாளாம், ஆனால் உடம்பு ரொம்பப் பெருத்துவிட்டதாம். நன்றாக இருக்கிறாள் என்றதற்கு நான் சரி என்று தலையாட்டினேன். உடம்பு பெருத்துவிட்டது என்றது அன்று சாயங்காலம்வரை எனக்கு இனித்தது.