இன்ஸ்பெக்டர் இடுப்பும் ஆரணி மில் பாய்லரும்

பாய்லர் வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம் பிரஷர் பற்றிக் கேட்பார்கள், வால்வு பற்றிக் கேட்பார்கள். இடுப்பைப் பற்றி ஒருத்தனும் கேட்பதில்லை. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகாத காலம். பொன்னேரி பக்கத்து ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் நான் பாய்லர்காரன். முதலாளி பழவேற்காட்டு பாய். வருஷத்துக்கு ஒரு தடவை மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து சர்டிபிகேட் கொடுத்தால்தான் தீ மூட்டலாம். அவர் வரும் நாளை நம்பி முந்தின நாளே தொட்டி நிறைய நெல்லை ஊறப் போட்டுவிட்டோம். சாயங்காலத்துக்குள் ஸ்டீம் கொடுக்காவிட்டால் அத்தனையும் நாறிப்போகும். பாய் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வழக்கமாக வரும் ஆபீசர்கள், நான் உமி தள்ளி எரிக்கும் தீவாயில் டார்ச்சை ஒரு தரம் காட்டிவிட்டு நாஷ்டாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். இவரும் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முட்டியை மடக்காமல் இடுப்பை மட்டும் மடித்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டார். பாய்லருக்குள்ளிருந்து "அம்மா!" என்று ஒரு அலறல்.

"இன்னா சார் ஆச்சு?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. தொடை வரைக்கும் இழுக்குது. யாரும் தொடாதீங்க!"

முன்பாதி உள்ளே, பின்பாதி வெளியே. நகர்த்தப் போனால் கத்துகிறார். பாய் பதறிப்போய், வெளியே இருந்த பாதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சார், கொஞ்சம் மோரு குடிக்கிறீங்களா?"

"எப்படிய்யா குடிக்கிறது?" என்றது பாய்லர்.

பொன்னேரி டாக்டருக்கு வண்டி போனது. அதற்குள் களத்தில் நெல் காயவைக்கும் முனியம்மா, எங்கள் ஊர்க்காரி, வாயைத் திறந்துவிட்டாள்.

"டாக்டரு எதுக்கு? நம்ம ஏகாம்பரம் காலால பொறந்தவன்தானே? மூணு ஒதை உட்டா நிமிந்துக்கினு போறாரு."

பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்தவன் உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மில்லில் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் உதை வாங்கியவர்கள்தான். ஆனால் இவர் கவர்ன்மென்ட்.

"மெதுவாப் பேசும்மா! ஆபீசரை ஒதைச்சா மில்லை இழுத்துப் பூட்டிடுவாங்க. இவன் ஜெயிலுக்குப் போவான்" என்றார் பாய்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு அங்கே காலால பொறந்தவன்?"

"நான்தான் சார்."

"எந்தக் கால் முதல்ல வந்துச்சு?"

"அம்மா சொல்லலை சார்."

"பரவாயில்ல, இடது கால்ல ஒதை. வெளிய சொன்னே, தொலைச்சுப்புடுவேன்."

பாய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் பட்டும் படாமலும் ஒன்று வைத்தேன்.

"இன்னாய்யா, தூசி தட்டுறியா? ஓங்கி ஒதை!"

கோபத்தில் அவருக்கும் எங்கள் பேச்சு வந்துவிட்டது. இரண்டாவதை நிஜமாகவே ஓங்கி விட்டேன். உள்ளே பெருமூச்சு கேட்டது. கழுத்து திரும்பியிருக்க வேண்டும், டார்ச் வெளிச்சம் மேலே போயிற்று.

"இரு. மூணாவதை நிறுத்து."

"சார்?"

"மேல் தகட்டைப் பாக்கணும். சுத்தியைக் குடு."

தட்டினார், தடவினார், மறுபடியும் தட்டினார். நான் ஒற்றைக் காலைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றேன். கடைசியில், "ம், இப்ப ஒதை" என்றார். உதைத்தேன். மெல்ல வெளியே வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் உமிக்கரி.

"பாய்லர் பாஸ் இல்லை."

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சார், அவன் ஒதைச்சதை மனசுல வெச்சுக்காதீங்க. வோணும்னா நீங்களும் அவனை மூணு ஒதை ஒதைச்சுருங்க!"

"ஒதைக்கு இல்ல பாய். ஏகாம்பரம், நீ உள்ள போய்ப் பாரு."

குந்தி உட்கார்ந்து தலையை விட்டேன். மேல் தகட்டில் என் கை நீளத்துக்கு விரிசல். கொதிக்கிற தண்ணீரும் ஸ்டீமும் நிற்பது அந்தத் தகட்டுக்கு மேலேதான்.

ஊறிய நெல்லை வண்டி வண்டியாகப் பொன்னேரி மில்லுக்கு அனுப்பிக் காப்பாற்றினோம். இன்ஸ்பெக்டரைச் சாக்கின் மேல் படுக்க வைத்து முனியம்மா சூடான தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். டாக்டர் வந்து, "படுத்தே கிடக்க வேணாம், மெதுவா நடங்க, தானா விட்டுடும்" என்றார். யார் நிமிர்த்தியது என்று கேட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

உதையில் சரியானதா, தவிட்டிலா, தானாகவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். தீவாயில் பார்க்கும்போது முட்டியை மடக்கிக் குந்துங்கள், இடுப்பு பிழைக்கும். குந்தியதும் எழுந்துவிடாமல் மேல் தகட்டை நிதானமாகப் பாருங்கள். அந்த மனுஷனுக்கு அன்று இடுப்பு பிடிக்காமல் போயிருந்தால், சாயங்காலம் நான் தீ மூட்டியிருப்பேன். உமி தள்ளுகிறவன் நிற்பது அந்த வாய்க்கு நேர் எதிரில்.